நீலம் காட்டினால் போதுமா?

தாம்பரம் வட்டாரக் கல்யாணப் போட்டோகிராபர்களுக்கு ஒரு திறந்த மடல்

பல்லாவரம் தொடங்கி வண்டலூர் வரை, இந்தப் பக்கம் முடிச்சூர், அந்தப் பக்கம் மேடவாக்கம் வரை ஸ்டூடியோ போர்டு மாட்டியிருக்கும் அண்ணன்மார்களுக்கும், போர்டு எதுவும் இல்லாமல் கேமரா பையும் பைக்குமாகக் கேண்டிட் எடுக்கப் போகும் தம்பி தங்கைகளுக்கும்:

ஆடி பிறந்துவிட்டது. மண்டப வாசலில் வாழைமரம் இல்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஃபிளெக்ஸில் சிரிக்கும் புது ஜோடிகளும் இல்லை. ஆவணி முதல் முகூர்த்தம் வரும்வரை உங்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் உண்டு. லென்ஸைத் துடைப்பீர்கள், ஃபிளாஷ் பேட்டரி மாற்றுவீர்கள், டிரோனை சர்வீசுக்கு விடுவீர்கள். அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குகளை மட்டும் யாரும் தொடுவதில்லை.

வைகாசியில் கல்யாணம் முடித்த பார்ட்டி இன்னும் ஆல்பத்துக்குச் செலக்‌ஷன் கொடுத்திருக்காது. கேட்டால் “இந்த வாரம் உட்கார்ந்து பார்த்துடறோம்ணே” என்பார்கள். பார்க்க மாட்டார்கள். வளைகாப்புக்கு நாள் குறிக்கும்போது திடீரென்று ஞாபகம் வந்து போன் அடிப்பார்கள். சில பேர் குழந்தைக்கு முதல் பிறந்தநாள் வரும்போதுதான் கேட்பார்கள். அதுவரைக்கும் அந்த வீட்டு ரிசப்ஷன், காசி யாத்திரை, தாலி கட்டு, அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்ட அந்த ஒரு ஃபிரேம் எல்லாமே உங்கள் அலமாரியில், உள்ளங்கை அகலக் கறுப்புப் பெட்டி ஒன்றுக்குள் கிடக்கிறது. ஆல்பம் அச்சான பிறகும் ரா ஃபைலை வைத்திருப்பவர்கள் நீங்கள். அந்தக் குடும்பத்தில் வேறு யாரிடமும் அது கிடையாது.

நான் சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்ப்பவன். உங்களில் பலருடைய டிஸ்க் என் மேஜைக்கு வந்து போயிருக்கிறது. முக்கால்வாசி டிஸ்க்குகள் முன்கூட்டியே ஏதோ சொல்லியிருக்கும். அதைப் படிக்க ஆள் இல்லாமல் போயிருக்கும். செக் பண்ணும் பழக்கம் உள்ளவர்கள்கூட, சாஃப்ட்வேரைத் திறந்து ‘குட்’ என்ற நீலக் கட்டத்தைப் பார்த்ததும் மூடிவிடுகிறார்கள். அந்தக் கட்டத்துக்குக் கீழே இருக்கும் எண்களை எப்படிப் படிப்பது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஆடியைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இதற்குப் பிறகு சில மாதத்தில் ஐப்பசி, அடைமழைக் காலம். 2015 டிசம்பர் 1ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கத்தில் 47. அதற்கு முந்தைய நவம்பரிலேயே முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருவுக்குள் படகு ஓடியதைப் பார்த்தவர்கள் நீங்கள். அடையாறு நிரம்பினால் அந்தப் பகுதிக்கு என்ன ஆகும் என்பதை 2021 நவம்பரும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் மறுபடி காட்டின. பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் வேறு கதை, வேறு ஏரி. முடிவு ஒன்றுதான்: தரைத்தளக் கடையில் கீழ்த்தட்டில் இருந்த பெட்டிகள் நனைந்தன. கம்ப்யூட்டரைத் தூக்கி மேஜைமேல் வைத்தவர்கள்கூட டிராயரில் இருந்த டிஸ்க்குகளை மறந்தார்கள். வெள்ளத்தில் போனதை எல்லோரும் பேசுகிறோம். ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் அலமாரியிலேயே செத்துக் கிடக்கும் டிஸ்க்குகள் அதைவிட அதிகம் என்பது என் மேஜையில் தெரிகிற கணக்கு.

முதலில் வரிசையைச் சொல்லிவிடுகிறேன், இதில்தான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள். சந்தேகம் வந்த டிஸ்க்கைச் செக் பண்ணக் கூடாது. காப்பி எடுக்க வேண்டும். முழுதாக ஒரு காப்பி வேறு டிஸ்க்கில் உட்கார்ந்த பிறகுதான் செக்.

காரணம் எளிது. 2 டி.பி. டிஸ்க் ஒன்றை முனையிலிருந்து முனைவரை படிக்க, வினாடிக்கு 100 எம்.பி. வேகம் என்று வைத்தால்கூட 5½ மணி நேரத்துக்கு மேல் ஆகும். டிஸ்க்குக்குள் சுழலும் தட்டின் உட்புற வட்டங்களில் வேகம் குறையும் என்பதால் உண்மையில் இன்னும் நீளும். ஏற்கெனவே தள்ளாடும் டிஸ்க்குக்கு இது கடைசி ஓட்டமாகிவிடலாம். அந்தக் கடைசி ஓட்டத்தில் உங்கள் படங்கள் வெளியே வந்திருக்க வேண்டுமா, அல்லது ‘டிஸ்க் கெட்டுவிட்டது’ என்று ஒரு ரிப்போர்ட் வந்திருக்க வேண்டுமா? காப்பி எடுக்கும்போதும் எல்லாவற்றையும் மொத்தமாக இழுத்துப் போடாதீர்கள். இன்னும் டெலிவரி ஆகாத ஆர்டர் முதலில், அதிலும் முகூர்த்தம் முதலில். ஒரு ஃபோல்டரில் சிக்கி நின்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். திரும்பத் திரும்ப அதே ஃபைலைத் தட்டாதீர்கள்.

காப்பி பத்திரமாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு இனி செக்கிங்குக்கு வருகிறேன். இது ஒன்றல்ல, இரண்டு வேலை. உங்கள் ஆல்பத்தின் முன்பக்கத்தில் ஒரு இன்டெக்ஸ் ஷீட் ஒட்டியிருப்பீர்கள் என்றால், அந்த ஷீட்டில் எண் தப்பாக இருப்பது வேறு, உள்ளே பக்கம் கிழிந்திருப்பது வேறு. டிஸ்க்கிலும் அப்படித்தான். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கு கெடலாம். அல்லது காந்தப் பூச்சு பூசிய தட்டே கெடலாம்.

விண்டோஸில் இருக்கும் ‘செக் டிஸ்க்’ பெரும்பாலும் முதல் வகைக்கானது. டிரைவ் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக் என்று போனாலும் அதுதான். கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்பு ஜன்னலில் டைப் அடித்தாலும் அதுதான். பின்னால் எதுவும் சேர்க்காமல் ஓட்டினால் பார்த்துச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளும், எதையும் மாற்றாது. ‘எஃப்’ சேர்த்தால் கணக்கைத் திருத்தும். ‘ஆர்’ சேர்த்தால் தட்டு முழுவதையும் படித்துப் பார்த்து, கெட்ட இடங்களைக் குறித்துவைத்து, அங்கிருந்து படிக்க முடிந்ததை மீட்கப் பார்க்கும். ‘எஃப்’ வேலையும் அதற்குள் அடக்கம். யூடியூபில் எல்லோரும் எடுத்த எடுப்பில் ‘ஆர்’ போடச் சொல்கிறார்கள். காப்பி இல்லாத டிஸ்க்கில் அதைப் போடாதீர்கள். அந்த மென்பொருளின் அக்கறை கணக்கு நேராக இருப்பதில்தான்; உங்கள் முகூர்த்த ஃபோல்டரைப் பற்றி அதற்குக் கவலை கிடையாது. கணக்கோடு ஒட்டாத ஃபைல் துண்டுகளைப் பெயரை எடுத்துவிட்டு ‘ஃபவுண்ட்’ என்று தொடங்கும் தனி ஃபோல்டரில் வெறும் எண்களாகக் கொட்டிவிடும். அந்தக் குவியலில் மாப்பிள்ளையைத் தேடுவது உங்கள் பாடு.

ரிசல்ட்டில் கடைசிப் பத்து வரியை மட்டும் பாருங்கள். ‘பேட் செக்டார்களில் இத்தனை கே.பி.’ என்று ஒரு வரி வரும். அது 0 ஆக இருந்து, கணக்கில் மட்டும் சில திருத்தம் நடந்திருந்தால், பெரும்பாலும் யாரோ ‘எஜெக்ட்’ கொடுக்காமல் ஒயரைப் பிடுங்கியிருக்கிறார்கள், அல்லது காப்பி ஓடும்போது கரண்ட் போயிருக்கிறது. டிஸ்க் மேல் பழி இல்லை. அந்த வரியில் 0 தவிர வேறு எந்த எண் இருந்தாலும் அது தட்டைப் பற்றிய செய்தி.

மேக்கும் விண்டோஸும் மாற்றி மாற்றி வேலை செய்வதற்காக உங்களில் பலர் டிஸ்க்கை எக்ஸ்-ஃபேட்டில் ஃபார்மேட் போட்டு வைத்திருக்கிறீர்கள். வசதிதான். ஆனால் என்.டி.எஃப்.எஸ்.ஸில் இருப்பதுபோல, நடக்கும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துக்கொள்ளும் பதிவேடு அதில் கிடையாது. பாதி எழுதும்போது ஒயரைப் பிடுங்கினால் அது தடுமாறிப்போகும். மறுநாள் சொருகினால் “டிஸ்க்கைப் பயன்படுத்த முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும்” என்று ஒரு பெட்டி கேட்கும். அந்தப் பெட்டியில் ‘கேன்சல்’ ஒன்றைத் தவிர எதையும் அமுக்க வேண்டாம். பல நேரங்களில் படமெல்லாம் அப்படியே இருக்கும், கணக்கு மட்டும்தான் தொலைந்திருக்கும். அதே டிஸ்க்கில் மேலே எதுவும் எழுதாமல் இருந்தால் மீட்க வழி உண்டு.

இனி இரண்டாவது வகை, தட்டைப் பற்றியது. டிஸ்க் தன் உடம்பைப் பற்றித் தானே குறித்துவைக்கும் பதிவுக்கு ‘ஸ்மார்ட்’ என்று பெயர். அதைக் காட்டும் இலவச மென்பொருள்களில் உங்கள் மத்தியில் அதிகம் ஓடுவது கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, ஜப்பானில் ஒருவர் எழுதியது. திறந்தால் நீலக் கட்டத்தில் ‘குட்’, மஞ்சளில் ‘காஷன்’, சிவப்பில் ‘பேட்’. சாம்பல் நிறம் வந்தால் அதற்கே தெரியவில்லை என்று அர்த்தம்.

கீழே நீளமான பட்டியல் இருக்கும். அத்தனையும் வேண்டாம். இடது ஓரத்தில் ஐ.டி. என்ற கட்டத்தில் 05, சி5, சி6, சி7 ஆகிய நாலு வரியைத் தேடுங்கள். வலது ஓரத்தில் ‘ரா வேல்யூஸ்’ என்ற கட்டத்தை அந்த வரிகளுக்கு நேராகப் படியுங்கள். ஒரு எச்சரிக்கை: அந்தக் கட்டம் எடுத்த எடுப்பில் பதினாறின் அடிமானத்தில் எண்ணைக் காட்டும். நிறைய பூஜ்யத்துக்குப் பின்னால் 10 என்று இருந்தால் அது பத்து இல்லை, 16. செட்டிங்கில் சாதாரண எண்ணுக்கு மாற்றிக்கொள்ளலாம், மாற்றிவிட்டே படியுங்கள்.

சி5 தான் நான் முதலில் பார்ப்பது. ஒரு இடத்தைப் படிக்கப் போய், பலமுறை முயன்றும் படிக்க முடியாமல், ‘இது சந்தேகம்’ என்று டிஸ்க் ஓரமாக எழுதிவைத்த இடங்களின் எண்ணிக்கை அது. அங்கே இருந்த தகவல் இன்றைக்கு உங்களுக்குக் கிடைக்காது என்று பொருள். சி5 வரியில் 8 என்று இருந்தால் பயப்படும் அளவு பெரிதாகத் தெரியாது. 512 பைட் செக்டார் எட்டு சேர்ந்தால் 4 கே.பி.தான். ஆனால் அந்த 4 கே.பி. ஒரு ஜேபெக் படத்தின் நடுவில் விழுந்தால், அதற்குக் கீழே படம் முழுக்கச் சாம்பல் பூசிவிடும். அப்படிப் பாதிப் படம் வந்து நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கேமரா கார்டு மேல் பழி போட்டிருப்பீர்கள்.

05 என்பது அடுத்த கட்டம். கெட்டதென்று முடிவாகி, கைவிடப்பட்டு, பதிலுக்கு ஓரத்தில் ஒதுக்கிவைத்த மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கை. இந்த எண் பொதுவாகக் குறையாது. சின்ன எண் ஒன்றோடு வருஷக்கணக்கில் ஓடிய டிஸ்க்குகளும் உண்டு. எண்ணைவிட அது நகர்கிறதா என்பதே எனக்கு முக்கியம். போன ஆடியில் 8, இந்த ஆடியிலும் 8 என்றால் அந்த டிஸ்க்கை இரண்டாவது காப்பிக்கு வைத்துக்கொள்ளலாம். மார்கழியில் 8, ஆடியில் 96 என்றால் அன்றைக்கே ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

சி6, டிஸ்க் சும்மா இருக்கும்போது தானே நடத்தும் சோதனையில் திருத்த முடியாமல் போனவை. பெரும்பாலும் சி5 ஏறினால் கூடவே இதுவும் ஏறும். சி7 மட்டும் வேறு ஜாதி. அது தட்டைப் பற்றியது இல்லை. டிஸ்க்குக்கும் பெட்டிக்குள் இருக்கும் இணைப்புக்கும் நடுவில் தகவல் சிதைந்து வந்த தடவைகள். பழைய எண் அப்படியே நின்றால் விட்டுவிடலாம். ஏறிக்கொண்டே போனால் பெட்டியைச் சந்தேகியுங்கள். உங்கள் லேப்டாப்புக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கும் யு.எஸ்.பி. ஒயரின் கோளாறு இதில் வராது. அது டிஸ்க் திடீர் திடீரென்று காணாமல் போய்த் திரும்பி வருவதாகத்தான் தெரியும். போர்ட்டபிள் டிஸ்க்கில் சொருகும் அந்த அகலமான தட்டை முனை, பையில் அப்படியே சொருகிக் கிடந்து ஆடிப்போயிருக்கும். டிஸ்க்கைத் தூக்கிப்போடும் முன் ஒயரை மாற்றிப் பாருங்கள். நீள ஒயர், நாலு போர்ட் ஹப் எல்லாம் வேண்டாம். கரண்ட் போதாமலும் டிஸ்க் டிக் டிக் என்று அடிக்கும். லேப்டாப்பின் வேறு போர்ட்டில் நேராகச் சொருகியும் அதே சத்தம் என்றால் உடனே கழற்றிவிடுங்கள், இன்னொருமுறை முயல வேண்டாம்.

சீகேட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வரி. 01, 07 ஆகிய வரிகளில் உங்கள் டிஸ்க் கோடிக்கணக்கில் எண் காட்டும். அந்த நிறுவனம் எத்தனை தடவை படித்தது, தேடியது என்பதையும் அதே எண்ணுக்குள் சேர்த்து அடைத்துவைப்பதால் வரும் கோலம் அது. அதைப் பார்த்துப் பதறி நல்ல டிஸ்க்கைத் தள்ளிவிடாதீர்கள். அதுபோலவே பெரிய போர்ட்டபிள் டிஸ்க்குகள் பெரும்பாலும் ஓடு வேய்ந்ததுபோல் தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கும் எஸ்.எம்.ஆர். வகை. நிறைய எழுதும்போது பாதியில் வேகம் படுத்துவிடும். வியாதி இல்லை, அதன் சுபாவம்.

இப்போது நிறத்துக்கு வருகிறேன். டிஸ்க்கே தன்னைப் பற்றி ‘பாஸ்’ என்று ஒரு தீர்ப்பு சொல்லும். அது மிகவும் தாராளமான தீர்ப்பு. வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க்குகள் பலவற்றில் 05 வரியின் மார்க் (ரா எண் அல்ல) 200இல் தொடங்கும். 140க்கு இறங்கினால்தான் ஃபெயில். அதற்குள் எத்தனையோ செக்டார் போயிருக்கும், டிஸ்க் ‘பாஸ்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ அவ்வளவு தாராளம் இல்லை. 05, சி5, சி6 மூன்றில் எதிலாவது 1 வந்தாலே மஞ்சளாகிவிடும். அந்த வகையில் அதன் நீலம் மற்றவற்றைவிட மதிப்பானது. ஆனால் அந்த நீலத்தை வரவழைக்க ஒரு குறுக்குவழி இருக்கிறது, ரிச்சி தெரு வரை எல்லோருக்கும் தெரிந்த வழி. சி5இல் எண் இருக்கும் டிஸ்க்குக்கு ‘குவிக்’ டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் போட்டால், அந்தச் சந்தேக இடங்கள் மேல் டிஸ்க் புதிதாக எழுதிப் பார்க்கும். எழுத்து நின்றுவிட்டால் சி5 பூஜ்யமாகிவிடும், 05உம் ஏறாமல் இருக்கலாம். மஞ்சள் போய் நீலம் வந்துவிடும்! “ஃபார்மேட் போட்டேன், சரியாயிடுச்சு” என்று சொல்கிறீர்களே, அது இதுதான். அங்கே இருந்த படம் போனது போனதுதான். பழைய டிஸ்க் விலை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறவர்கள், நீலத்தோடு சேர்த்து 09 வரியில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதையும் பாருங்கள். என்னைக் கேட்டால் பழைய டிஸ்க்கே வாங்க வேண்டாம்.

நேர்மையான நீலமே வந்தாலும் அது இன்றைய தேதிக்கான செய்திதான். கூகுள் நிறுவனத்தின் மூன்று பொறியாளர்கள் தங்கள் நிறுவனத்தில் ஓடிய 1 லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தட்டைப் படிக்கும் சோதனையில் முதல் பிழை வந்த டிஸ்க், பிழை வராத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாளுக்குள் சாக 39 மடங்கு வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். மஞ்சளை ஏன் மதிக்க வேண்டும் என்பதற்கு அந்த ஒரு எண் போதும். அதே கட்டுரை இன்னொன்றும் சொன்னது: செத்துப்போன டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கு மேல், முக்கியமான நாலு அறிகுறிகளில் ஒன்றுகூடக் காட்டாமலேயே செத்தன. பேக்பிளேஸ் என்ற அமெரிக்க பேக்கப் நிறுவனம் 2016இல் சொன்ன கணக்கு கொஞ்சம் ஆறுதலானது. அவர்களிடம் செத்தவற்றில் 76.7 சதவீதம், அவர்கள் கவனிக்கும் ஐந்து எண்களில் ஏதாவது ஒன்றிலாவது முன்னறிவிப்பு கொடுத்திருந்தன. நன்றாக ஓடிக்கொண்டிருந்தவற்றில் 4.2 சதவீதம்தான் அப்படிக் காட்டின. ஆனால் இரண்டும் குளிர்ந்த அறையில் ரேக்கில் திருகிவைத்து இரவு பகலாக ஓடும் டிஸ்க்குகள். உங்களுடையது பைக்கின் சைடு பாக்ஸில் முடிச்சூர் ரோட்டுப் பள்ளங்களைப் பார்க்கிறது, பிறகு எட்டு மாதம் தூங்குகிறது. அந்தச் சதவீதங்களை அப்படியே உங்கள் அலமாரிக்குப் பொருத்த முடியாது. எச்சரிக்கை இல்லாமலும் போகும் என்ற ஒரு விஷயம் மட்டும் பொருந்தும்.

இன்னொரு சங்கடம்: எல்லாப் பெட்டியும் இந்தப் பதிவை வெளியே விடுவதில்லை. தெருவில் வாங்கிய மலிவு யு.எஸ்.பி. உறைக்குள் டிஸ்க்கைப் போட்டிருந்தால், மென்பொருளில் அந்த டிஸ்க்கே தெரியாமல் போகலாம். டிஸ்க்கைக் கழற்றி நேராக மதர்போர்டில் சொருகிப் பார்க்கலாம். ஆனால் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ‘மை பாஸ்போர்ட்’ மாதிரியான கம்பெனிப் பெட்டிகள் பலவற்றில் யு.எஸ்.பி. முனை டிஸ்க்கின் சர்க்யூட் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், உள்ளே சாதாரண முனையே இருக்காது. கத்தியால் நெம்பித் திறந்து ஏமாறாதீர்கள், வாரன்ட்டியும் போகும்.

தட்டு முழுவதையும் படித்துப் பார்க்கும் நீளமான சோதனையை ஓட்டும் நாளில் லேப்டாப் தூங்காதபடி செட்டிங்கை மாற்றிவையுங்கள். டிஸ்க்கோ லேப்டாப்போ நடுவில் தூங்கிப்போனால் சோதனை பாதியில் நின்றுவிடும். அப்படி நின்றதை ‘ஃபெயில்’ என்று படித்துவிட்டு வந்தவர்கள் உண்டு. ‘அபார்ட்டட்’ என்றிருந்தால் நின்றது என்றுதான் பொருள், கெட்டது என்றில்லை. சோதனை ஓடும்போது டிஸ்க் தட்டையாக, ஆடாத மேஜையில் இருக்கட்டும். சூடு எகிறினால் ஃபேனைத் திருப்பிவிடுங்கள்.

டிஸ்க் நன்றாக இருக்கிறது என்பதால் ஃபைல் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. காப்பி எடுக்கும்போதே பிழை நுழைந்திருந்தால், நல்ல டிஸ்க் அந்தப் பிழையையும் பத்திரமாகவே வைத்திருக்கும். அதனால் டெராகாப்பி மாதிரி ஒன்றில் ‘வெரிஃபை’ டிக் போட்டுக் காப்பி எடுங்கள். மூல ஃபைலையும் நகலையும் தனித்தனியாகக் கணக்கிட்டு ஒப்பிட்டுச் சொல்லும். நேரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். முகூர்த்தம் முடிந்து வந்த இரவில் அந்த நேரம் கசக்கும்தான். ஆனாலும் அது முடிவதற்கு முன் கேமரா கார்டை ஃபார்மேட் போடாதீர்கள்.

மூன்று காப்பி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் என்று ஒரு விதி சொல்வார்கள். கம்ப்யூட்டர்காரர்கள் கண்டுபிடித்தது என்று நினைத்தால் தவறு. அதைப் பரப்பியவர் பீட்டர் குரோக், அமெரிக்காவில் உங்களைப்போலக் கேமரா பிடிக்கிறவர். போட்டோகிராபர்களுக்காக 2005இல் எழுதிய புத்தகத்தின் வழியாகப் பரவியது. நம்மூருக்கு அதை நான் இப்படி மாற்றிச் சொல்வேன்: வேறு ஊர் வேண்டாம், வேறு உயரம் வேண்டும். முடிச்சூரில் தரைத்தளத்தில் கடை என்றால் இரண்டாவது டிஸ்க் சிட்லபாக்கத்திலோ குரோம்பேட்டையிலோ மாடியில் இருக்கும் மச்சான் வீட்டு பீரோவில் இருக்கட்டும். சிட்லபாக்கமும் ஏரிக்கரைதானே என்பீர்கள். அதனால்தான் மாடி என்கிறேன். இரண்டு ஸ்டூடியோக்காரர்கள் தங்களுக்குள் மாற்றி வைத்துக்கொள்ளலாம், பூட்டிய பெட்டியில். போட்டி இருக்கும், புரிகிறது. ஆனால் டிசம்பரில் இரண்டு பேர் கடையிலும் ஒரே நேரத்தில் ஒரே அளவு தண்ணீர் நிற்காது.

அப்படியும் நனைந்துவிட்டால், தயவுசெய்து சொருகிப் பார்க்காதீர்கள். சாதாரண டிஸ்க்கில் காற்று போய்வர ஒரு சின்னத் துளை இருக்கும். அது வழியாகச் சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். ஹேர் டிரையர், வெயில், அரிசி மூட்டை எதுவும் வேண்டாம். காய்ந்தால் சேறும் உப்பும் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, டேட்டா மீட்கும் லேபுக்கு நேராக எடுத்துப் போங்கள். லேப் பில் டிஸ்க் விலையைப் போலப் பல மடங்கு வரும்.

வாரன்ட்டி இருக்கிறதே என்பவர்களுக்கு: கம்பெனி உங்களுக்குத் திருப்பித் தருவது இன்னொரு டிஸ்க். உங்கள் படங்களை அல்ல. 2011இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து வெஸ்டர்ன் டிஜிட்டலின் பாங் பா-இன் தொழிற்சாலை மூழ்கியபோது உலகம் முழுக்க டிஸ்க் விலை ஏறியது. அந்த வருஷக் கடைசியில் வெஸ்டர்ன் டிஜிட்டல், சீகேட் என்ற இரண்டு பெரிய கம்பெனிகளும் சில வகை டிஸ்க்குகளுக்கு வாரன்ட்டி ஆண்டுகளைக் குறைத்தன. எங்கோ பெய்த மழை உங்கள் பில்லில் வந்து விழுந்தது. ஆகவே ஆர்டர் பேசும்போதே டிஸ்க்குக்கு ஒரு தொகையைச் சேர்த்துச் சொல்லுங்கள். பில்லின் அடியில், டெலிவரிக்குப் பிறகு எத்தனை மாதம் ரா ஃபைலை வைத்திருப்பீர்கள் என்று ஒரு வரி அச்சடியுங்கள். அந்த வரி இருந்தால் செலக்‌ஷனும் சீக்கிரம் வரும், நான் பார்த்தவரை.

கணக்கு எழுத மென்பொருள் எதுவும் வேண்டாம். பதினாறு பக்க நோட்டு ஒன்று. டிஸ்க்குக்கு ஒரு பக்கம்: வாங்கிய தேதி, உள்ளே இருக்கும் ஆர்டர்கள், 05, சி5, சி6, சி7, 09. ஆடியில் ஒரு வரிசை, மார்கழியில் ஒரு வரிசை. டிஸ்க்கின் மேலேயே பெயிண்ட் மார்க்கரில் ஒரு எண் போட்டுவிடுங்கள்; ஒரே நிறப் பெட்டிகள் ஆறு இருந்தால் எது எதுவென்று உங்களுக்கே குழம்பும். எஸ்.எஸ்.டி.க்கு மாறியவர்களும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதில் தட்டு கிடையாது, பார்க்க வேண்டியது மிச்ச ஆயுள் சதவீதம். சத்தம் போட்டு முன்னறிவிப்பு தரும் பழக்கம் அதற்கு இல்லை. வருஷக்கணக்கில் கரண்ட் காட்டாமல் அலமாரியில் போட்டுவைக்கவும் அது ஏற்றதில்லை.

மஞ்சள் வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் யாரிடமாவது எடுத்துப் போவதானால், என்னிடமோ வேறு கடையிலோ, அதன் ஒயரையும் சேர்த்து எடுத்துப் போங்கள். போகும் முன் ஃபார்மேட் போடாதீர்கள், ‘ஆர்’ ஓட்டாதீர்கள். கீழே விழுந்திருந்தால் எப்போது, எந்த உயரத்திலிருந்து, ஓடிக்கொண்டிருந்தபோதா என்பதைச் சொல்லிவிடுங்கள். “விழவே இல்லை சார்” என்றுதான் எல்லோரும் சொல்கிறீர்கள். மூலையில் இருக்கும் நசுங்கல் வேறு மாதிரி சொல்கிறது. விழுந்த டிஸ்க்கை விழாத டிஸ்க் என்று நினைத்துக்கொண்டு நாங்கள் ஆறு மணி நேரம் ஓட்டினால், நஷ்டப்படப்போவது ஏதோ ஒரு வீட்டுக் கல்யாணம்.

இப்படிக்கு,
சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து ஒரு சர்வீஸ்காரன்